நிரம்பிவிட்ட ஒதுங்கு குடாக்கள்

கரீபியன் தீவுகளில் பாய்மரப் படகையே வீடாக்கிக்கொண்டு வாழ்கிறவர்கள் ஜூன் பிறந்தாலே மனதுக்குள் ஒரு கணக்குப் போடத் தொடங்கிவிடுவார்கள். புயல் வந்தால் எந்தக் குடாவுக்குள் ஓடுவது, எத்தனை நங்கூரம் இறக்குவது, எந்த மரத்தில் கயிறு கட்டுவது, கட்டிவிட்டுப் படகிலேயே இருப்பதா, கரையேறிவிடுவதா? நவம்பர் முடியும்வரை இந்தக் கணக்கு ஓயாது. அந்தக் கடலில் முந்நூறு ஆண்டுகளாகக் கேட்கப்படும் கேள்விகள்தாம் இவை. பதில்கள் மட்டும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. கடந்த முப்பத்தைந்து ஆண்டுகளில் மாறிய வேகம் அதற்கு முன் இருந்ததில்லை.

ஆன்டிகுவா தீவின் தென்கரையில் இங்கிலிஷ் ஹார்பர் என்றொரு துறைமுகம். குறுகிய வாய், வளைந்து உள்ளே போகும் நீர், சுற்றிலும் குன்றுகள். வெளிக்கடல் அலைக்கு உள்ளே வர வழியில்லை. 1723 செப்டம்பரில் அடித்த சூறாவளியில் ஆன்டிகுவாவின் பிற துறைகளில் நின்ற 35 கப்பல்கள் கரையில் தூக்கி எறியப்பட்டன. இங்கிலிஷ் ஹார்பருக்குள் கட்டியிருந்த ஹெக்டர், வின்செல்சீ என்ற இரண்டு பிரிட்டிஷ் போர்க்கப்பல்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அந்த ஒரு புயல் துறைமுகத்தின் தலையெழுத்தையே மாற்றியது. சில ஆண்டுகளில் அங்கே கடற்படைத் தளம் எழுந்தது. 1784-ல் போரியஸ் கப்பலின் தலைவராக வந்த இளம் நெல்சனும் புயல் மாதங்களை அங்கேதான் கழித்தார். அவர் பெயர் தாங்கிய அந்தத் தளம் இன்று யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னம்.

அந்தக் காலக் கப்பலைப் புயலுக்குத் தயார்செய்த முறையைப் பார்த்தால் இன்றைய படகோட்டிகளுக்குப் பொறாமையே வரும். மேல் பாய்மரங்களைக் கழற்றி இறக்குவார்கள். பாயைத் தாங்கும் பருமல்களைத் தளத்தில் கிடத்திக் கட்டுவார்கள். உயரம் குறையக் குறையக் காற்றுக்குக் கிடைக்கும் பிடியும் குறையும். பிறகு பருத்த சணல் வடங்களைப் பல திசையில் கரைக்கும் நங்கூரங்களுக்கும் இழுத்துக் கட்டுவார்கள். கனமான சங்கிலிகளைக் கடலடியிலேயே கிடத்தி வைத்தார்கள். இன்றும் இங்கிலிஷ் ஹார்பரில் நங்கூரம் போடுகிற படகுகள் அந்தப் பழைய சங்கிலியில் சிக்கிக்கொள்வதுண்டு. இத்தனை வேலைக்கும் ஒரு போர்க்கப்பலில் ஏறக்குறைய இருநூறு பேர் இருந்தார்கள். இன்றைய பாய்மரப் படகில் பெரும்பாலும் கணவன், மனைவி என்று இருவர். பலர் ஓய்வுபெற்ற வயதினர். பதினைந்து, இருபது மீட்டர் உயர அலுமினியப் பாய்மரத்தைக் கிரேன் இல்லாமல் அவர்களால் இறக்க முடியாது. பாய்களை அவிழ்த்து உள்ளே வைக்கலாம், நிழல் துணிகளையும் சூரியத் தகடுகளையும் கழற்றலாம். அதோடு சரி. பாய்மரம் நின்றபடியே காற்றை வாங்கும்.

புயல் வருவதை அறியும் வழியும் அன்று வேறு. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தமானி ஒரு நாளில் இரண்டு முறை ஏறும், இரண்டு முறை இறங்கும். ஏற்ற இறக்கம் மூன்று மில்லிபார் அளவுதான். ஆனால் நேரம் தவறாது. அந்த ஒழுங்கு குலைந்தால், காற்றே இல்லாத நாளில் கிழக்கிலிருந்து நீண்ட அலை உருண்டு வந்தால், மிக உயரத்தில் மெல்லிய இழைமேகங்கள் ஒரு புள்ளியிலிருந்து விரிவதுபோல் பரவினால், மாலுமி வடத்தை எடுப்பான். இந்த அறிகுறிகளை முறையாகத் தொகுத்தவர் ஹவானாவின் பெலென் கல்லூரி வானாய்வகத்தில் இருந்த ஏசுசபைத் துறவி பெனிட்டோ வீஞெஸ். 1875 செப்டம்பரில் அவர் வெளியிட்ட எச்சரிக்கையைத்தான் கரீபியனின் முதல் சூறாவளி முன்னறிவிப்பு என்று சொல்கிறார்கள். மேகத்தையும் அலையையும் தந்தியில் வந்த தகவல்களையும் மட்டும் வைத்துச் செய்தது அது. அந்த மனிதரை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை.

இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில் காட்சி மாறியது. கண்ணாடியிழைப் படகுகள் மலிந்தன. வட அமெரிக்காவிலிருந்தும் ஐரோப்பாவிலிருந்தும் குடும்பங்கள் சொந்தப் படகில் வந்து தங்கத் தொடங்கின. 1969-ல் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளில் சார்லி, ஜின்னி கேரி தம்பதி ஆறு படகுகளை வைத்துக்கொண்டு வாடகைத் தொழில் ஆரம்பித்தார்கள். அந்த ஆறு பின்னாளில் பல நிறுவனங்களின் பல நூறாகப் பெருகியது. அப்போதெல்லாம் வானிலை வானொலியில்தான் வந்தது. கனடா நாட்டவரான ஹெர்ப் ஹில்கன்பெர்க் பல ஆண்டுகள் நாள் தவறாமல் வானொலிக் கருவியின் முன் உட்கார்ந்து, நடுக்கடலில் இருக்கும் ஒவ்வொரு படகையும் பெயர் சொல்லி அழைத்து, எந்தப் பக்கம் திரும்பினால் காற்று குறையும் என்று சொல்லிவந்தார். ஒரு காசு வாங்கவில்லை. அவர் குரலுக்காக மாலையில் காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு.

படகைக் கட்டிவிட்டு அதிலேயே இருந்து புயலைத் தாங்குவது என்ற வழக்கம் அந்தத் தலைமுறையில் உறுதிப்பட்டது. அதற்கு நியாயமான காரணமும் இருந்தது. ஒதுங்கு குடாவுக்குள் போய், கண்டல் மரங்களின் வேர்களில் கயிறுகளைச் சிலந்தி வலையாகக் கட்டி, கடல் பக்கம் இரண்டு மூன்று நங்கூரங்களைப் பரப்பி இறக்குவார்கள். கயிறு படகின் விளிம்பில் உரசும் இடத்தில் தேயும், தேய்ந்தால் அறும். பழைய தீயணைப்புக் குழாய்த் துண்டு, தோல், தடித்த துணி என்று எதையாவது அங்கே சுற்றுவார்கள். காற்று வலுத்தால் ஆள் தவழ்ந்து அணியத்துக்குப் போய், கயிற்றை ஒரு சாண் தளர்த்தி, தேய்ந்த இடத்தை மாற்றிவிட்டு வருவார். கண்ணைத் திறக்க விடாத மழைக்கு முக்குளிப்புக் கண்ணாடி அணிந்துகொள்வார். எஞ்சினை மெல்ல முன்னோக்கி ஓட்டி நங்கூரத்தின் மீது விழும் இழுவையைக் குறைப்பார். புயலின் கண் மேலே வந்து நிற்கும்போது காற்று அடங்கும். அந்த இடைவெளியில் கயிறுகளை மாற்றிக் கட்ட வேண்டும், ஏனென்றால் அடுத்து வருவது நேர் எதிர்த்திசைக் காற்று. இத்தனையும் ஆள் இருந்தால்தானே நடக்கும்? ஆளில்லாப் படகு அநாதை என்பது அவர்கள் நம்பிக்கை. மணிக்கு அறுபது, எழுபது கடல் மைல் (நாட்) வேகக் காற்றுவரை அந்த நம்பிக்கை பெரும்பாலும் அவர்களைக் கைவிடவில்லை.

1989 செப்டம்பர் 18-ஆம் தேதி அந்த நம்பிக்கையில் முதல் பெரிய விரிசல் விழுந்தது. போர்ட்டோ ரிக்கோவுக்குக் கிழக்கே குலேப்ரா என்ற சிறு தீவு. அதன் நடுவே என்செனாடா ஒண்டா என்னும் ஆழ்ந்த குடா. ஒதுங்க அதைவிட நல்ல இடம் அந்தப் பக்கத்திலேயே இல்லை என்று பெயர். ஹியூகோ சூறாவளி வருகிறது என்றதும் வெர்ஜின் தீவுகளிலிருந்தெல்லாம் படகுகள் அங்கே ஓடிவந்தன. மறுநாள் பார்த்தால் அவற்றில் பெரும்பாலானவை கரையில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன, அல்லது மூழ்கியிருந்தன. நன்றாகக் கட்டிய படகும் தப்பவில்லை. காற்று வரும் பக்கம் இருந்த ஏதோ ஒரு படகு அறுத்துக்கொண்டு வந்து அதன் மேல் விழுந்தது. தொழுவத்தில் ஒரு காளை கயிற்றை அறுத்தால் மற்ற மாடுகள் படும் பாடு அது.

1995 செப்டம்பரில் லூயிஸ் வந்தபோது அதே கதை இன்னும் பெரிதாக நடந்தது. செயின்ட் மார்ட்டின் தீவின் சிம்ப்சன் பே காயல் நாற்புறமும் நிலத்தால் சூழப்பட்டது. திறந்து மூடும் பாலங்கள் வழியாகத்தான் உள்ளே போக முடியும். கடலலை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஏறக்குறைய 1,500 படகுகள் உள்ளே இருந்ததாகவும், 1,300 அளவில் மூழ்கியோ கரையேறியோ போனதாகவும் சொல்வார்கள். லூயிஸ் மெதுவாக நகர்ந்த புயல். மணிக்கணக்கில் விடாமல் அடித்தது. கரை நல்ல கரைதான், நீரும் நல்ல நீர்தான். ஆனால் ஒவ்வொரு படகுக்கும் சுற்றிச் சுழல இடம் வேண்டும், அந்த இடம் அங்கே இல்லை. இருபது படகுக்கு அடைக்கலமான குடா இருநூறு படகு நுழைந்ததும் அடைக்கலமாக இருப்பதில்லை. ஒதுங்கு குடாவின் பெயர் பரவப் பரவ அதன் பயன் குறைந்தது. அன்றைக்கும் இன்றைக்கும் உள்ள வேறுபாட்டில் இதுதான் மையம் என்று நினைக்கிறேன்.

காற்றின் கணக்கும் இரக்கமில்லாதது. வேகம் இரண்டு மடங்கானால் விசை நான்கு மடங்காகும். அமெரிக்கப் படகுத் தர அமைப்பின் அட்டவணைப்படி 40 அடிப் படகுக்கு 42 நாட் காற்றில், அதாவது மணிக்கு 78 கிலோமீட்டரில், நங்கூரத்தின் மேல் விழும் இழுவையாகக் கொள்ள வேண்டியது ஏறக்குறைய 1,100 கிலோ. வேகம் மூன்று மடங்கானால் இழுவை ஒன்பது மடங்கு, பத்து டன்னை நெருங்கிவிடும். மிதவைக்கு அடியில் பல இடங்களில் போட்டுவைக்கும் கான்கிரீட் பாளமோ நீருக்குள் தன் எடையில் நாற்பது விழுக்காட்டுக்கு மேல் இழந்துவிடுகிறது. மூன்று டன் பாளம் என்று நம்பிக் கட்டியவர் உண்மையில் இரண்டு டன்னுக்கும் குறைவான ஒன்றில் கட்டியிருக்கிறார். இப்போது பல துறைகளில் கடலடியில் திருகி இறக்கும் எஃகு நங்கூரங்கள் வந்துவிட்டன. மண்ணையே பிடித்துக்கொள்வதால் அவை பாளத்தைவிடப் பல மடங்கு தாங்குகின்றன.

கயிற்றைப் பற்றியும் ஒரு புதிய உண்மை தெரிந்தது. அறுந்த நைலான் கயிறுகளை எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் சோதித்தபோது, சில கயிறுகள் வெளியே உரசி அறவில்லை, உள்ளிருந்து சூடேறி வலுவிழந்தன என்று கண்டார்கள். நைலான் இழுபடும், சுருங்கும். அலைக்கு அலை அப்படி ஆகும்போது, விளிம்பில் வளையும் இடத்தில் இழைகளுக்குள்ளேயே சூடு பிறக்கிறது. மழைநீர் நனைத்தால் அது தணியும். ஆனால் தேயாமல் இருக்கச் சுற்றிய ரப்பர் குழாய் அந்த நீரையும் தடுத்துவிடுகிறது. எத்தனையோ பேர் அக்கறையோடு சுற்றிய குழாய்! இப்போது விளிம்பைக் கடக்கும் பகுதிக்கு அதிகம் இழுபடாத பாலியெஸ்டர் கயிற்றையும், அதற்கப்பால் நைலானையும் இணைத்துக் கட்டச் சொல்கிறார்கள்.

லூயிசுக்குப் பிறகு பலர் தெற்கே ஒதுங்கினார்கள். வட அட்சம் 12 பாகையில் உள்ள கிரெனடா சூறாவளிப் பாதைக்குக் கீழே இருக்கிறது என்று காப்பீட்டு நிறுவனங்களே எழுதிக்கொடுத்தன. 1955-ல் ஜானெட் அடித்தது; அதற்குப் பிறகு அரை நூற்றாண்டு அமைதி. 2004 செப்டம்பர் 7-ஆம் தேதி ஐவன் வந்து அந்தத் தீவின் வீடுகளில் பத்தில் ஒன்பதைச் சேதப்படுத்தியது. கரையில் முட்டுக்கொடுத்து நிறுத்தியிருந்த படகுகளும் சரிந்து விழுந்தன. காப்பீட்டுக் கோடு அதன்பின் தெற்கே நகர்ந்தது. இன்று பல ஒப்பந்தங்களில் புயல் மாதங்களில் படகு எந்த அட்சத்துக்குக் கீழே இருக்க வேண்டும், கரையேற்றினால் தரையில் எப்படிப் பட்டை போட்டுக் கட்ட வேண்டும் என்பதெல்லாம் விதியாக இருக்கிறது. பழைய படகு, சிறிய வருமானம் என்று வாழ்கிறவர்களால் அந்தக் காப்பீட்டுக்குப் பணம் கட்ட முடிவதில்லை.

படகுகளின் உருவமும் மாறிவிட்டது. அன்றைய படகு ஒல்லியானது, தாழ்ந்தது, அடியில் ஆழமான கனம் கொண்டது. இன்று வாடகைத் தொழிலில் பெருகியிருப்பவை இரட்டை உடல் கொண்ட அகலமான கேட்டமரன்கள். உள்ளே வீடுபோல வசதி. வெளியே காற்றுக்குச் சுவர்போல நிற்கும். 2017 செப்டம்பர் 6-ஆம் தேதி இர்மா மணிக்கு ஏறக்குறைய 285 கிலோமீட்டர் வேகத்தில் பிரிட்டிஷ் வெர்ஜின் தீவுகளைக் கடந்தது. டோர்டோலாவின் பாராகீட்டா பே வாடகைப் படகுகளுக்கென்றே புயல்கட்டு வசதி செய்துவைத்த குடா. அங்கே வரிசையாகக் கட்டியிருந்த கேட்டமரன்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் குவிந்து கிடந்த வான்படங்களை அப்போது உலகமே பார்த்தது. அவற்றில் ஆள்கள் இல்லை. நிறுவனங்கள் அந்த அளவுக்குப் பாடம் படித்திருந்தன.

முன்னறிவிப்பு என்னவோ நம்ப முடியாத அளவுக்கு முன்னேறியிருக்கிறது. 1960-ல் டிரோஸ்-1 செயற்கைக்கோள் மேலே போனதிலிருந்து புயல் யாருக்கும் தெரியாமல் வந்து நிற்பது நின்றுபோயிற்று. மயாமியில் உள்ள அமெரிக்க தேசியச் சூறாவளி மையம் 2003 முதல் ஐந்து நாள் பாதையைக் கணித்துச் சொல்கிறது. மூன்று நாள் கணிப்பில் வரும் பிழை 1990-களில் இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகிவிட்டது. கைப்பேசியிலேயே காற்றின் வரைபடத்தைப் பார்க்கலாம். செயற்கைக்கோள் இணையம் நடுக்கடலிலும் வருகிறது. பாதை தெரிந்துவிடும். எவ்வளவு வலுவாக வரும் என்பதுதான் இன்னும் கடினம். வெந்து கிடக்கும் கடல் அந்தக் கணிப்பை இன்னும் சிக்கலாக்குகிறது.

பெரில் அதைக் காட்டியது. 2024 ஜூன் கடைசியில் தாழ்வு மண்டலமாக இருந்தது 42 மணி நேரத்தில் பெருஞ்சூறாவளியானது. ஜூன் மாதத்திலேயே நான்காம் வகையை எட்டிய முதல் அட்லாண்டிக் சூறாவளி அது. ஜூலை 1-ஆம் தேதி மணிக்கு 240 கிலோமீட்டர் வேகத்தில் கிரெனடாவைச் சேர்ந்த கரியாக்கு தீவில் கரை தொட்டது. அரை மணி நேரத்தில் தீவு தரைமட்டமானதாகப் பிரதமர் டிக்கன் மிட்செல் சொன்னார். அங்கே டிரெல் பே குடாவையொட்டிக் கண்டல் காடு ஒன்று உண்டு. வேர்களில் சிப்பிகள் வளரும் பாதுகாக்கப்பட்ட இடம்; புயல் வரும்போது மட்டும் படகுகளுக்கு வாசல் திறக்கும். உள்ளூர் மீனவர் படகும் வெளிநாட்டார் படகும் அங்கேதான் பக்கம் பக்கமாக ஒதுங்கும். பெரில் அந்தக் காட்டை இலையில்லாமல் உரித்துப்போட்டது. படகுகளை மரங்களுக்குள்ளும் ஒன்றன்மேல் ஒன்றாகவும் வீசியது. ஒரு பகல் பயணத் தொலைவில் இருந்த கிரெனடாவின் தென்குடாக்கள் ஒப்பீட்டில் லேசாகத் தப்பின. புயலின் மையம் சற்றுத் தள்ளிப் போயிருந்தால் இந்தக் கதை தலைகீழாகியிருக்கும்.

கண்டல் மரங்களைப் பற்றிய எண்ணமும் இப்போது வேறு. அன்று அவை கயிறு கட்டும் தூண்கள் மட்டுமே. அமெரிக்க வெர்ஜின் தீவான செயின்ட் ஜானில் ஹரிக்கேன் ஹோல் என்று பெயரே பெற்ற குடாக் கூட்டம் 2001-ல் தேசியப் பவளப்பாறைச் சின்னத்தின் பகுதியானது. பிறகு தேசியப் பூங்காத் துறை கடலடியில் கனத்த சங்கிலிகளைக் கிடத்தி, புயல் நேரத்தில் அனுமதி பெற்ற படகுகளை மட்டும் ஒதுக்கிய இடத்தில் கட்டவிடுகிறது. மரத்தில் கயிறு போடக் கூடாது. இங்கிலிஷ் ஹார்பரின் பழைய சங்கிலி முறைதான் திரும்பி வந்திருக்கிறது, அளவோடும் கணக்கோடும். படகுகளின் எண்ணிக்கைக்கு வரம்பு போட்டதுதான் அங்கே நடந்த மிக நல்ல காரியம். கரீபியனின் மற்ற குடாக்களிலும் இது வர வேண்டும் என்று விரும்புகிறேன். உள்ளூர் மீனவருக்கு முதல் இடம் கிடைக்க வேண்டும் என்பதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

படகிலேயே இருப்பதா என்ற கேள்விக்கு இன்று என் பதில் தெளிவு. இருக்கக் கூடாது. கயிற்றைச் சரிசெய்யத்தான் ஆள் இருந்தார். நூறு நாட் காற்றில் மனிதனால் அணியத்துக்குத் தவழ்ந்து போகக்கூட முடியாது. பத்து டன் இழுவையில் இருக்கும் கயிற்றைக் கையால் தொடவும் முடியாது. அந்தக் காற்றில் அவர் பாதுகாவலர் இல்லை, உள்ளே மாட்டிக்கொண்டவர். இரண்டு நாள் முன்பே, வானம் நீலமாக இருக்கும்போதே, தெற்கே ட்ரினிடாடுக்குக் கிளம்பிவிடுவது ஒரு வழி. பெரிலுக்கு முன் கிரெனடாவிலிருந்து பலர் அப்படித்தான் ஓரிரவு ஓடித் தப்பினார்கள். இல்லையென்றால் கட்ட வேண்டியதையெல்லாம் கட்டிவிட்டுக் கரையேற வேண்டும்.

ஆனாலும் பெரில் நேரத்திலும் பலர் படகிலேயே இருந்தார்கள். அவர்களை அசட்டுத் துணிச்சல்காரர்கள் என்று பழிக்க எனக்கு மனம் வரவில்லை. காப்பீடு இல்லாத படகு. அதுதான் வீடு, அதுதான் சேமிப்பு, மருந்தும் பத்திரங்களும் அதற்குள்தான். வெளிநாட்டவருக்குக் கரையில் உறவு இல்லை, முகாம் எங்கே என்று தெரியாது. வளர்க்கும் நாயை அங்கே உள்ளே விடுவார்களா என்பதும் தெரியாது. கரையேறச் சொல்கிற அரசும் துறைமுகமும் இவர்களையும் கணக்கில் எடுத்து, குடாவிலிருந்து நடந்து போகும் தொலைவில் கான்கிரீட் கூரை உள்ள ஒரு பள்ளிக்கூடத்தையோ மண்டபத்தையோ ஜூன் மாதமே குறித்துவைத்து, அதன் பெயரைத் துறைமுகப் பதிவுச் சீட்டிலேயே அச்சிட்டுக் கொடுக்கலாம். மீனவர் குடும்பங்களுக்கும் அதே இடம். செலவு அதிகமில்லை. அடுத்த ஜூனுக்குள் எத்தனை தீவுகள் இதைச் செய்யும் என்று கவனித்துக்கொண்டிருக்கிறேன்.